பழைய தோட்டா 'ரீலோடிங்' மெஷின் விலைக்கு வருதா? காரைக்கால்காரங்க கை வைக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

வீட்டில் தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி இருக்கு. லைசென்ஸும் பக்காவா இருக்கு. கடையில் தோட்டா விலை ஏறிக்கிட்டே போகுது, கேட்ட நேரத்தில் கிடைக்கிறதும் இல்லை. இந்த நேரத்தில், "சுட்ட தோட்டாவையே திரும்ப நிரப்பிக்கலாம், பழைய மெஷின் ஒண்ணு மலிவா வருது" என்று யாராவது சொன்னால்? வாங்கலாமா, வேண்டாமா?

பழைய தையல் மெஷின், பழைய போட் இன்ஜின் வாங்குகிற மாதிரி இதை வாங்க முடியாது. காரணம், இந்திய சட்டத்தின் பார்வையில் இந்த மெஷின் வெறும் இரும்பு இல்லை.

முக்கிய அம்சங்கள்

* தோட்டா தயாரிக்கும் மெஷினையும் 'தோட்டா' என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம்.
* துப்பாக்கி லைசென்ஸ் இருந்தால் தோட்டா தயாரிக்கலாம் என்று அர்த்தம் இல்லை.
* இது மத்திய சட்டம். காரைக்கால், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான்.
* 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரித்தால் குறைந்தபட்ச தண்டனையே 7 ஆண்டு சிறை.
* பரம்பரையாக வந்த பழைய கருவிகள் வீட்டில் இருந்தால் அதற்கும் சட்டத்தில் வழி இருக்கு.

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ரீலோடிங்னா என்ன?

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் இருக்கு. வெளியே தெரிகிற பித்தளைக் கூடு, அதன் அடியில் பொட்டு மாதிரி இருக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. சுடும்போது பிரைமர் தீப்பொறி தரும், மருந்து எரிந்து வாயுவாகும், குண்டு வெளியேறும். மிச்சம் இருப்பது பித்தளைக் கூடு மட்டும்தான். தோட்டாவில் விலை அதிகமான பாகங்களில் அதுவும் ஒன்று.

அந்தக் கூட்டைத் தூக்கிப் போடாமல் மறுபடி பயன்படுத்துவதுதான் ரீலோடிங். பழைய பிரைமரைத் தள்ளி எடுத்து, சூட்டில் விரிந்த கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வந்து, புது பிரைமர், மருந்து, குண்டு என்று வரிசையாகச் சேர்ப்பார்கள். நம்ம ஊர் இரட்டைக் குழல் துப்பாக்கிக்கான 12 போர் தோட்டா என்றால், பிளாஸ்டிக் அல்லது அட்டைக் கூடு, நடுவில் அடைப்பான், மேலே ஈயச் சில்லு. முறை கொஞ்சம் மாறும், அடிப்படை ஒன்றுதான்.

இதற்குக் கைப்பிடி வைத்த ஒரு பிரஸ், அச்சுகள், மருந்து அளக்கும் கருவி, நுட்பமான தராசு எல்லாம் வேண்டும். அமெரிக்காவில் லீ, ஆர்சிபிஎஸ், ஹார்னடி, டில்லன் போன்ற கம்பெனிகள் இவற்றைத் தயாரிக்கின்றன. அங்கே பழைய பிரஸ் கைமாறுவது சாதாரண விஷயம். யூடியூபில் நாம பார்க்கிற வீடியோக்களில் பெரும்பாலானவை அங்கிருந்து வருபவைதான். அந்த வீடியோவில் அவர் செய்வது அவருடைய ஊரில் சட்டப்படி சரி. அதையே இங்கே செய்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

மெஷின் வெறும் இரும்புதானே, அதில் என்ன தப்பு?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். "நான் மருந்து வாங்கலையே, குண்டு வாங்கலையே, மெஷினைத்தானே வாங்கினேன்" என்ற வாதம் எடுபடுவது கஷ்டம்.

ஆயுதச் சட்டத்தின் 2ஆவது பிரிவு, 'தோட்டா மற்றும் வெடிபொருள்' என்ற சொல்லுக்கு விளக்கம் தருகிறது. ராக்கெட், வெடிகுண்டு, கையெறி குண்டு என்று ஆரம்பிக்கும் அந்தப் பட்டியலில், தோட்டாவின் பாகங்களும், தோட்டா தயாரிப்பதற்கான இயந்திரங்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அதாவது, சட்டத்தின் வாசகப்படி, தோட்டா தயாரிக்கும் மெஷினை வாங்குவதும் தோட்டாவை வாங்குவதும் ஒரே தட்டில்தான் வருகிறது.

இதிலிருந்து அடுத்தடுத்த சிக்கல்கள் வருகின்றன. 3ஆவது பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் வைத்திருக்கவும் கூடாது என்கிறது. 5ஆவது பிரிவு, உரிமம் இல்லாமல் அவற்றைத் தயாரிக்கவும் விற்கவும் கைமாற்றவும் கூடாது என்கிறது. 2019இல் வந்த திருத்தம் 5ஆவது பிரிவில் 'பெறுவது', 'வரவழைப்பது' என்ற சொற்களையும் சேர்த்துவிட்டது. வாங்குபவர், விற்பவர் இரண்டு பேருமே வளையத்துக்குள் வருகிறார்கள்.

"எனக்குத்தான் லைசென்ஸ் இருக்கே!"

இருக்கலாம். ஆனால் அது எதற்கான லைசென்ஸ் என்று பாருங்க.

துப்பாக்கி லைசென்ஸில் எந்த ரகத் துப்பாக்கி, எந்த ரகத் தோட்டா, ஒரு நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று எழுதியிருக்கும். கடையில் வாங்கும் ஒவ்வொரு தோட்டாவும் கணக்கில் ஏறும். உரிமம் பெற்ற டீலர் தன் பதிவேட்டில் எழுதுவார்.

அரசு இப்படி எண்ணிக்கை வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கு. யாரிடம் எத்தனை தோட்டா இருக்கு என்று தெரிந்தால்தான், ஒரு சம்பவம் நடக்கும்போது கணக்குக் கேட்க முடியும். வீட்டிலேயே தோட்டா நிரப்ப ஆரம்பித்தால் அந்தக் கணக்கே உடைந்துவிடும். 50 தோட்டாவுக்கு அனுமதி பெற்றவர் எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. அதனால்தான் 'வைத்திருக்கும் உரிமம்' வேறு, 'தயாரிக்கும் உரிமம்' வேறு என்று சட்டம் பிரித்து வைத்திருக்கு.

கார் ஓட்ட லைசென்ஸ் இருப்பவர் கார் தொழிற்சாலை நடத்த முடியாது இல்லையா? அதே கதைதான்.

காரைக்காலுக்குத் தனிச் சட்டம் இருக்கா?

காரைக்கால் என்றாலே 'அங்க ரூல் வேற' என்ற எண்ணம் பலருக்கு இருக்கு. அதற்குக் காரணமும் இருக்கு. சுற்றிலும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், நடுவில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு துண்டு. மதுவிலும் பெட்ரோலிலும் வரி வேறு, விலை வேறு. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி சட்டப்படியான இணைப்பு முடிந்தது.

ஆனால் வரி விஷயத்தில் இருக்கும் வித்தியாசம் ஆயுத விஷயத்தில் கிடையாது. ஆயுதச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றிய மத்திய சட்டம். அதன் கீழ் வந்த 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் நாடு முழுக்கப் பொருந்தும். வாஞ்சூர் எல்லையைத் தாண்டி நாகூர் போனாலும், பூவம் தாண்டித் தரங்கம்பாடிப் பக்கம் போனாலும் ஒரே சட்டம்தான். வழக்கு மேல்முறையீடு என்று போனால் இரண்டு பக்கத்துக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான்.

இன்னொரு விஷயம். காரைக்காலில் எந்தப் பக்கம் போனாலும் சில கிலோமீட்டரில் மாநில எல்லை வந்துவிடும். எல்லைச் சோதனைச் சாவடிகளில் மதுக் கடத்தலுக்காக வண்டிகளை நிறுத்திப் பார்ப்பது வழக்கம். பாட்டில் தேடுகிற போலீஸ்காரர் டிக்கியில் தோட்டா அச்சும் பிரைமர் டப்பாவும் பார்த்தால், கேள்வி பாட்டிலோடு நிற்காது.

மாட்டினால் என்ன தண்டனை?

2019 டிசம்பரில் அமலுக்கு வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது.

* உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது, விற்பது, பெறுவது: குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள் தண்டனை, கூடவே அபராதம். முன்பு இது 3 முதல் 7 ஆண்டு வரை இருந்தது.
* உரிமம் இல்லாமல் வாங்கி வைத்திருப்பது: குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, கூடவே அபராதம்.

எந்தப் பிரிவில் வழக்கு போடுவது என்பதை, மெஷினோடு வேறு என்னென்ன கிடைத்தது, பயன்படுத்திய அடையாளம் இருக்கா என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். மெஷின் பக்கத்திலேயே மருந்தும் புதுசாக நிரப்பிய தோட்டாவும் இருந்தால், 'சும்மா அலங்காரத்துக்கு வெச்சிருந்தேன்' என்று சொல்வதை யார் நம்புவார்கள்?

இதோடு முடியவில்லை. வெடிமருந்தும் பிரைமரும் வெடிபொருள் சட்டம் 1884, வெடிபொருள் விதிகள் 2008 ஆகியவற்றின் பார்வைக்கும் வரும். அதைக் கவனிப்பது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'பெசோ' என்ற மத்திய அமைப்பு. நிரப்பிய தோட்டாவோடு கோடியக்கரைப் பக்கம் பறவை சுடப் போனால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

"தெரியாம வாங்கிட்டேன்" என்று சொன்னால்?

சட்டம் இதற்கும் கொஞ்சம் இடம் வைத்திருக்கு. தன்னிடம் அந்தப் பொருள் இருப்பது தெரிந்து, அதன் மேல் கட்டுப்பாடும் இருந்தால்தான் 'வைத்திருந்தது' ஆகும் என்று 1972இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பையின் அடியில் என்றோ கிடந்த ஒற்றைத் தோட்டாவோடு ஏர்போர்ட்டில் மாட்டியவர்களை நீதிமன்றங்கள் விடுவித்ததற்கும் இந்தக் கொள்கைதான் அடிப்படை.

அதே மாதிரி, தோட்டாவின் சிறு பாகம் ஒன்று இருந்து, அதை மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லையென்றால், அதற்கு 45ஆவது பிரிவு விலக்கு தருகிறது. வெற்றுப் பித்தளைக் கூட்டைச் சாவிக் கொத்தில் மாட்டியிருப்பவருக்கு இந்த விலக்கு உதவலாம்.

ஆனால் விளம்பரம் பார்த்து, பேரம் பேசி, பணம் கொடுத்து ஒரு ரீலோடிங் பிரஸ் வாங்கியவருக்கு இந்த இரண்டும் கை கொடுப்பது சந்தேகம்தான். அவருக்கு என்ன வாங்குகிறோம் என்று நல்லாவே தெரியும். 'இப்படி ஒரு சட்டம் இருப்பது தெரியாது' என்பது தற்காப்பு ஆகாது.

பிரான்சில் இருந்து சொந்தக்காரர் கொண்டு வந்தால்?

காரைக்காலில் இது கற்பனைக் கேள்வி இல்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்கள், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள், பாரிஸில் வேலை பார்ப்பவர்கள் என்று பிரான்சோடு உறவு இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. பிரான்சில் வேட்டையும் துப்பாக்கி சுடுதலும் பரவலான பொழுதுபோக்கு. உரிமம் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே தோட்டா நிரப்புவது அங்கே சட்டப்படி நடக்கிறது.

"மாமா லீவுக்கு வரும்போது சூட்கேஸ்ல ஒரு பிரஸ் போட்டு எடுத்துட்டு வரட்டுமே" என்று தோன்றலாம். வேண்டாம். ஆயுதமோ தோட்டாவோ கடல், தரை, வான் எந்த வழியாக இந்தியாவுக்குள் வந்தாலும் உரிமம் வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 10ஆவது பிரிவு. மெஷினும் அந்த வரையறைக்குள் வருவதால், சுங்கத்தில் பெட்டியைத் திறந்தால் சிக்குவது ஊருக்கு வந்த மாமாதான். கூரியரில் அனுப்பினாலும் இதே பிரச்சினைதான். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கும் இதில் சலுகை கிடையாது.

அப்போ விளையாட்டு வீரர்கள் என்ன செய்கிறார்கள்?

பறக்கும் தட்டைச் சுடும் டிராப் போட்டியில் பயிற்சி எடுப்பவர்களுக்குத் தோட்டா எக்கச்சக்கமாகச் செலவாகும். புதுக்கோட்டை தொண்டைமான் குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தப் பிரிவில்தான் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநில துப்பாக்கி சுடும் போட்டி, நடிகர் அஜித் கலந்துகொண்டதால் ஊர் முழுக்கப் பேச்சானது நினைவிருக்கும்.

இப்படி முறையாக விளையாடுபவர்களுக்குத் தனி வழி இருக்கு. ரைபிள் கிளப்பில் உறுப்பினராகி, மாநிலச் சங்கம், தேசிய ரைபிள் சங்கம் என்று படிப்படியாகப் போகும்போது, அவர்களின் தகுதிக்கு ஏற்ப அதிகத் தோட்டா வாங்க விதிகளே இடம் தருகின்றன. 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் விளையாட்டு வீரர்களுக்கான அந்த அளவை இன்னும் உயர்த்தியது.

ஆக, உண்மையிலேயே தோட்டா நிறைய தேவைப்படுபவர்களுக்கு, கிளப் வழியாகப் போவதே நேர்வழி.

சரி, காசாவது மிச்சமாகுமா?

சட்டத்தை ஒரு நிமிஷம் ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பார்ப்போம். கீழே இருப்பது சந்தை விலை இல்லை, கணக்குப் புரிவதற்கான உதாரணம் மட்டும்தான்.

பழைய பிரஸ், அச்சு, தராசு எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய் என்று வையுங்க. ஒரு தோட்டாவை நீங்களே நிரப்பினால் 20 ரூபாய் மிச்சமாகிறது என்று வையுங்க. போட்ட முதலை எடுக்கவே 1,000 தோட்டா நிரப்பணும். வருஷத்துக்கு 50 தோட்டா சுடுபவருக்கு அதற்கு 20 வருஷம் ஆகும்.

அமெரிக்காவில் இது கட்டுப்படியாவதற்குக் காரணம், அங்கே ஒரு ஆள் வாரக் கடைசியில் மட்டும் சில நூறு ரவுண்டு சுடுவார். பிரைமரும் மருந்தும் கடையில் டப்பா டப்பாவாகக் கிடைக்கும். இங்கே அந்த இரண்டுமே கிடைக்காது. நம்ம நீலகிரி மாவட்டம் அரவங்காட்டில் இருக்கும் கார்டைட் தொழிற்சாலை நூறு வருஷத்துக்கு மேலாக உந்துவிசை மருந்து தயாரிக்கிறது. ஆனால் அது பாதுகாப்புத் துறைக்கான அரசு ஆலை, நாம போய் ஒரு டப்பா வாங்கிட்டு வரும் கடை இல்லை.

அப்போ மருந்துக்கு எங்கே போவது? பட்டாசைப் பிரிப்பது, நாட்டு வெடிக்காரரிடம் கேட்பது என்று தவறான வழிகள்தான் மிச்சம். அந்த இடத்தில் காசுப் பிரச்சினை உயிர்ப் பிரச்சினையாக மாறிவிடும்.

பழைய மெஷின், பழைய துப்பாக்கி: எங்கே ஆபத்து?

ரீலோடிங் சட்டப்படி நடக்கும் நாடுகளிலேயே, அனுபவசாலிகள் செகண்ட் ஹேண்ட் கருவி வாங்கும்போது பல தடவை யோசிப்பார்கள்.

அச்சு தேய்ந்தோ, துருப்பிடித்தோ, உள்ளே கீறல் விழுந்தோ இருந்தால் கூடு சரியான அளவுக்கு வராது. துப்பாக்கிக்குள் சிக்கும், அல்லது தளர்ந்து வாயு பின்னால் கசியும். தராசு சிறிதளவு தப்புக் காட்டினாலும் மருந்து அளவு மாறிவிடும். கைப்பிடியும் தண்டும் ஆடினால் குண்டு கோணலாக உட்காரும்.

எல்லாவற்றையும் விடப் பயங்கரமானது இரட்டை மருந்து. ஒரு கூட்டில் மருந்து போட்டதை மறந்து இன்னொரு தடவை போட்டுவிட்டால், சுடும்போது குழலே வெடித்துச் சிதறும். கையும் கண்ணும் போகும். மருந்தே போடாமல் விட்டாலும் ஆபத்துதான். பிரைமர் விசையில் மட்டும் நகர்ந்த குண்டு குழலுக்குள் பாதியில் நிற்கும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் அதே கதி.

லேபிள் இல்லாத பழைய மருந்தைப் பார்வையில் கண்டுபிடிக்க முடியாது. மெதுவாக எரியும் ரகமும் வேகமாக எரியும் ரகமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அளவு ஒன்றே என்றாலும் அழுத்தம் பல மடங்கு மாறும்.

நம்ம டெல்டா வீடுகளில் இருக்கும் பழைய துப்பாக்கிகளுக்கு இன்னொரு சிக்கல். மிராசுதார் காலத்தில் வாங்கிய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீட்டர் நீளத்துக்கானது. இப்போதைய தோட்டாக்களில் பலவும் 70 மில்லிமீட்டர். உள்ளே நுழைந்துவிடும், ஆனால் சுடும்போது வாய் முழுசாக விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். இன்னும் பழைய துப்பாக்கிகளில் இரும்புக் கம்பிகளை முறுக்கிச் செய்த குழல்கள் உண்டு. அவை கரும்புகை மருந்துக்காகச் செய்யப்பட்டவை, புகையற்ற நவீன மருந்தைத் தாங்கும் என்று நம்ப முடியாது. கடல் காற்றில் எத்தனையோ வருஷம் இருந்த குழலுக்குள் என்ன துரு இருக்கு என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்லவும் முடியாது.

தாத்தா பெட்டியில் ஏற்கனவே இருந்தால்?

வாங்கப் போவதில்லை, ஆனால் பரணில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தால் பித்தளைக் கூடு, கைப்பிடி வைத்த சின்ன மெஷின், ஒரு டப்பா மருந்து. இப்படியும் நடக்கும். பழைய வேட்டைக்காரர் வீடுகளில் தோட்டா வாய் மடிக்கும் கைக்கருவி இருப்பது ஆச்சரியம் இல்லை.

செய்யக் கூடாதவை:

* பழைய பிரைமரையோ மருந்தையோ தட்டிப் பார்க்காதீங்க, பிரிக்காதீங்க. பிரைமர் அடியிலும் அதிர்ச்சியிலும் வெடிக்கக்கூடியது.
* குப்பையோடு எரிக்காதீங்க. அரசலாற்றிலோ குளத்திலோ வீசாதீங்க.
* பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடாதீங்க. அங்கே சுத்தியலால் உடைக்கப் போவது விஷயம் தெரியாத ஒரு தொழிலாளி.
* 'யாராவது வேணும்னா எடுத்துக்கட்டும்' என்று வாட்ஸ்அப்பில் போட்டோ போடாதீங்க. அதுவே விற்பனை முயற்சி என்று பார்க்கப்படலாம்.

செய்ய வேண்டியது: வைத்திருப்பது சட்டப்படி சரியில்லாத நிலை வரும்போது, தாமதம் இல்லாமல் அருகில் உள்ள போலீஸ் ஸ்டேஷன் பொறுப்பதிகாரியிடமோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு வழி வைத்திருக்கு. லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு வாரிசுகள் துப்பாக்கியை ஒப்படைப்பதும் இதே வழியில்தான். தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துப் பழகியவர்களுக்கு இது புதுசு இல்லை.

மருந்து, பிரைமர் இருந்தால் நீங்களே பையில் எடுத்துக்கொண்டு பைக்கில் போக வேண்டாம். ஸ்டேஷனுக்கோ 112க்கோ போன் பண்ணிச் சொல்லுங்க, அவங்களே வந்து எடுத்துக்கட்டும். ஒப்படைத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்கிக்கோங்க. துப்பாக்கி லைசென்ஸும் இருந்தால் அதன் நகலைக் கையில் வைத்திருங்க. ஒரு வக்கீலிடம் முன்கூட்டியே பேசிவிட்டுப் போவது இன்னும் நல்லது.

விற்பவர் "பேப்பர் எல்லாம் இருக்கு" என்றால்?

நாலு கேள்வி கேளுங்க.

1. இந்த மெஷினை வைத்திருக்க உங்களிடம் என்ன உரிமம் இருக்கு? எண், தேதி, கொடுத்த அதிகாரி யார்?
2. இது இந்தியாவுக்குள் எப்படி வந்தது? இறக்குமதி உரிமமும் சுங்க ரசீதும் எங்கே?
3. விற்பதற்கு முன் மாவட்ட நிர்வாகத்துக்கோ போலீசுக்கோ எழுத்தில் தெரிவித்தீர்களா? உரிமம் தேவைப்படும் துப்பாக்கி, தோட்டாவைத் தனிநபர் கைமாற்ற வேண்டும் என்றால், யாருக்கு என்ற விவரத்தோடு முன்கூட்டியே தகவல் கொடுத்து 45 நாள் காத்திருக்கணும் என்கிறது சட்டம்.
4. வாங்கப் போகும் எனக்கு எந்த உரிமம் வேண்டும்?

இதில் ஒன்றுக்குத் தடுமாறினாலும் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்க. அட்வான்ஸ் அனுப்பாதீங்க. ஆன்லைனில் பணம் வாங்கிக்கொண்டு ஆள் காணாமல் போனால், 'தோட்டா மெஷின் வாங்கப் பணம் அனுப்பினேன்' என்று எந்த முகத்தோடு புகார் கொடுப்பது? சட்டவிரோதப் பொருளை விற்பதாக ஏமாற்றுபவர்கள் நம்பியிருப்பதே இந்தத் தயக்கத்தைத்தான்.

இன்னும் சந்தேகம் என்றால், காரைக்கால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உரிமப் பிரிவில் எழுத்தில் கேளுங்க. வாய்மொழியாக யார் 'பரவாயில்லை' என்று சொன்னாலும் அது பாதுகாப்பு ஆகாது.

ஆசை சுடுவதில் என்றால், வேறு வழி?

இருக்கு. 0.177 அங்குலத்துக்கு மேற்படாத, 20 ஜூல் சக்திக்கு உட்பட்ட ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியும் இந்த 0.177 அளவுதான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பெயர் வாங்கியது இந்தப் பிரிவில்தான். இதில் பிரைமர் இல்லை, மருந்து இல்லை, ரீலோடிங்குக்கு வேலையே இல்லை. ஈயச் சில்லு மட்டும் வாங்கினால் போதும். ஆனால் பறவையையும் தெரு நாயையும் சுடுவதற்கு இது அனுமதி இல்லை, அது தனிக் குற்றம்.

பழைய ஏர் ரைபிள் வாங்கினால் ரசீதோடு வாங்குங்க, அளவும் சக்தியும் வரம்புக்குள் இருக்கா என்று பாருங்க.

முடிவா என்ன சொல்றீங்க?

பழைய ரீலோடிங் மெஷின் வாங்கலாமா என்ற கேள்விக்கு, தயாரிப்புக்கான எழுத்துப்பூர்வ உரிமம் கையில் இல்லாத யாருக்கும் பதில் ஒன்றுதான்: வாங்காதீங்க. மிச்சமாகும் காசு சில ஆயிரம். போகக்கூடியது 7 வருஷம், பரம்பரைத் துப்பாக்கி லைசென்ஸ், சில நேரம் விரலும் கண்ணும். வருஷத்துக்குப் பத்துத் தோட்டா தேவைப்படுபவர் டீலரிடம் வாங்கட்டும். ஆயிரம் தேவைப்படுபவர் ரைபிள் கிளப்பில் சேரட்டும். பரணில் ஏற்கனவே ஏதாவது இருந்தால், இன்றைக்கே ஸ்டேஷனுக்கு ஒரு போன் பண்ணிடுங்க.